கலக்கிக் கொடுத்த கை

அத்தியாயம் பதினாறு

காத்திருக்கும் பெஞ்சில் உட்கார்ந்து வெகு நேரமாகியும் தந்திக்குப் படபடப்பு வரவில்லை. அதுவே அவளுக்குப் புதுக் கவலையாகிவிட்டது.

வந்திருக்க வேண்டும். மருத்துவப் பரிசோதனை நிலையத்தின் நீளமான வராந்தா, பினாயில் வாடை, ஒவ்வொருவராக உள்ளே கூப்பிடும் உதவியாளர், மடியில் சான்றிதழ்களை வைத்துக்கொண்டு கால் ஆட்டும் ஆண் டிரைவர்கள். இதில் கால்வாசி போதும், அவளுக்கு உள்ளங்கை ஈரமாகிவிடும், வயிறு புரளும், நெஞ்சு தடதடவென்று அடித்துக்கொள்ளும். இன்றைக்கு ஒன்றும் இல்லை. கைக்குட்டையை எடுத்து உள்ளங்கையைத் துடைக்கப் போனாள். துடைப்பதற்கு அங்கே எதுவும் இல்லை.

இவளுக்கு ஏன் தந்தி என்று பெயர் என்பது தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும். இந்த வாரம்தான் வந்து உட்கார்ந்தவர்களுக்காக ஒரு முறை சொல்லிவிடலாம். சின்ன வயதில் பால் பொங்கினாலும் சரி, பக்கத்து வீட்டு நாய் குரைத்தாலும் சரி, முகம் வெளுத்து, கை நடுங்கி, சாவுச் செய்தி கொண்டுவந்தவள் மாதிரி வாசலில் வந்து நிற்பாள். அக்கா வைத்த பெயர் அது. கல்யாணத்துக்குப் பிறகு புகுந்த வீட்டுக்கும் கூடவே வந்துவிட்டது.

பாங்கில் காசாளராக இருந்தாள். மேனேஜர் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றால் நோட்டு எண்ணும் விரல் தடுமாறும். பதவி உயர்வுத் தேர்வில் கேள்வித்தாளைக் கையில் வாங்கியதும் மயங்கி விழுந்தாள். அதோடு வேலையை விட்டாள். வீட்டில் எல்லோரும் பாவம் என்றார்கள். அந்தப் பாவம் என்ற சொல்லைக் கேட்டுக் கேட்டு அவளுக்கு அலுத்துப் போனது.

பிறகு ஒரு பேக்கரிக்கு வேன் ஓட்டப் போனாள். அங்கேதான் ஒன்றைக் கண்டுபிடித்தாள். ஸ்டியரிங்கைப் பிடித்துவிட்டால் கை நிற்கும். படபடப்பு வராமல் இல்லை. கிளம்புவதற்கு முன் தவறாமல் வரும். அதை அவள் விரட்டுவதில்லை. "வந்துட்டியா, உக்காரு," என்று சொல்லிவிட்டு, வழியெல்லாம் ரோட்டை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஓட்டுவாள். இடது பக்கம் சைக்கிள், முன்னால் லாரி, அந்தக் குழந்தை ஓடினாலும் ஓடும், பிரேக். தெருவில் போகிறவர்கள் யாரோடு பேசுகிறாள் என்று பார்ப்பார்கள். பார்க்கட்டும். இத்தனை நாளில் வேனில் ஒரு கீறல் கிடையாது.

போன வாரம் நகரப் பேருந்து நிறுவனத்தின் ஓட்டுத் தேர்வில், நீளப் பேருந்தை ஒடுங்கிய சந்துக்குள் பின்னோக்கி விட்டுத் திருப்பி, எல்லோருக்கும் மேலாகத் தேறினாள். பேக்கரியில் சொல்லிக்கொண்டு விலகினாள். அவள் ஓட்டிய வேனுக்கு வேறு ஆளும் போட்டாகிவிட்டது. உடல் தகுதிச் சான்று ஒன்றுதான் பாக்கி. அதற்குத்தான் இன்று வந்திருந்தாள்.

உள்ளே கூப்பிட்டார்கள்.

டாக்டரம்மா அதிகம் சிரிக்காதவர். கண்ணைப் பார்த்தார், காதைப் பார்த்தார். பிறகு ஒரு மரப்படியைக் காட்டி அதில் ஏறி இறங்கச் சொன்னார். தந்தி ஏறி இறங்கினாள். கால் கனத்தது. போதும் என்றதும் நின்றாள். டாக்டரம்மா மணிக்கட்டைப் பிடித்துக் கடிகாரத்தைப் பார்த்தார். முகம் மாறியது. மறுபடி பிடித்துப் பார்த்தார்.

இன்னொரு முறை ஏறச் சொன்னார். ஏறினாள். மூச்சு வாங்கியது. நாடி மட்டும் தூக்கத்தில் இருப்பதுபோல மெதுவாகத்தான் அடித்ததாம்.

படுக்கச் சொல்லி ரத்த அழுத்தம் பார்த்தார். எழுந்து நில்லுங்கள் என்றார். எழுந்தாள். சுவர் ஒரு பக்கமாகச் சரிந்தது. எடை பார்க்கும் இயந்திரத்தைப் பிடித்துக்கொண்டதால் விழாமல் தப்பினாள். உதவியாளர் ஓடி வந்து நாற்காலியில் உட்கார வைத்தார்.

டாக்டரம்மா உதவியாளரை வெளியே அனுப்பிவிட்டு, என்ன மாத்திரை போட்டுக்கொண்டு வந்தீர்கள் என்று கேட்டார்.

ஒன்றும் போடவில்லை என்றாள் தந்தி.

நெஞ்சு படபடப்பையும் கை நடுக்கத்தையும் அடக்குகிற மாத்திரை ஒன்று இருப்பதைப் பற்றி டாக்டரம்மா சொன்னார். டிரைவர் வேலைக்கு வருபவர்கள் சிலர், பயம் தெரியக்கூடாது என்று அதைப் போட்டுக்கொண்டு வருவது உண்டாம். தேவைப்படாத உடம்புக்குள் போனால் நாடி இப்படித்தான் படுத்துக்கொள்ளுமாம். தந்தி மறுபடியும் இல்லை என்றாள்.

"மாத்திரை போட்டது ஒரு தப்பே இல்லம்மா. எத்தனையோ பேர் போடுறாங்க, வேலையும் பாக்குறாங்க. அத மறைக்கிறதுதான் தப்பு. பஸ் நிறைய ஜனத்த ஏத்திக்கிட்டுப் போற ஆள் எங்கிட்ட பொய் சொல்லக்கூடாது."

"நான் பொய் சொல்லல, டாக்டர்."

"அப்ப வேற யாராவது குடுத்திருக்கணும். காலையில என்ன சாப்பிட்டீங்க?"

தந்தி வாயைத் திறந்தாள். திறந்த வாய் அப்படியே நின்றது.

எதுவும் சாப்பிடவில்லை. எலுமிச்சை ஜூஸ் மட்டும் குடித்தாள். வழக்கமாகக் காலையில் சமையலறைப் பக்கமே வராத கணவர், இன்றைக்குத் தானே பிழிந்து, தானே சர்க்கரை போட்டு, தானே கலக்கி, அவள் கடைசிச் சொட்டுவரை குடிக்கும்வரை டம்ளரையே பார்த்துக்கொண்டு நின்றார். லேசாகக் கசக்கிறதே என்று அவள் சொன்னபோது, கொட்டையும் சேர்ந்து நசுங்கியிருக்கும் என்றார். அவளும் நெகிழ்ந்துபோய், வெறும் டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு வந்தாள்.

நெகிழ்ந்துபோனதை நினைத்தபோதுதான் கோபம் தலைக்கு ஏறியது.

டாக்டரம்மா முடிவாக ஒன்று சொன்னார். மாலையில் தான் கிளம்பும்போது கோப்பு பேருந்து நிறுவனத்துக்குப் போய்விடும். அதற்குள் கொடுத்தவர் வந்து, இன்னது கொடுத்தேன், இவளுக்குத் தெரியாமல் கொடுத்தேன் என்று சொன்னால், மருந்து உடம்பைவிட்டுப் போன பிறகு இன்னொரு நாள் பரிசோதிக்கலாம். யாரும் வரவில்லை என்றால், மருந்தை மறைத்தார் என்றுதான் எழுத வேண்டியிருக்கும். அப்படி எழுதினால் எந்தப் பேருந்து நிறுவனமும் எடுக்காது.

*

கணவர் மருந்தாளராக வேலை பார்க்கும் மருந்துக்கடைக்கு மேல் மாடியில்தான் அவர்கள் வீடு. கடையில் ஆறேழு பேர் வரிசையில் நின்றார்கள். தந்தி மாடிப்படி ஏறவில்லை. வரிசையின் கடைசியில் போய் நின்றாள்.

மருந்தாளர் கண்ணாடியை மூக்கில் இறக்கி, ஒரு பெரியவருடைய சீட்டைப் படித்துக்கொண்டிருந்தார். கண்டிப்பானவர் என்று அந்தத் தெருவில் பெயர் எடுத்தவர். இருமல் மருந்துக்குக்கூட நூறு கேள்வி கேட்பார். தூக்கம் வரவில்லை, ஒரே ஒரு மாத்திரை கொடுங்கள் என்று அழுதவளைக்கூடச் சீட்டு இல்லாமல் திருப்பி அனுப்பியவர். அதைப் பெருமையாக வீட்டில் வந்து சொன்னபோது தந்திக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

வரிசை நகர்ந்தது. அவளுக்குக் கத்த வேண்டும்போல இருந்தது. ஆனால் இந்தக் கோபத்துக்கு நெஞ்சு அடித்துக்கொள்ள வேண்டாமா? கை நடுங்க வேண்டாமா? கோபம் மூளையில் மட்டும் கொதித்தது. கீழே எல்லாம் நிதானமாக இருந்தது. கோபப்படக்கூடத் தன் உடம்பு தனக்கு ஒத்துழைக்கவில்லை என்பது அவள் கோபத்தை இன்னும் கிளப்பிவிட்டது.

அவள் முறை வந்தது. அவர் நிமிர்ந்து பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தார்.

"நெஞ்சு படபடப்புக்கு ஒரு மாத்திரை வேணும்," என்றாள் தந்தி. "கை நடுக்கத்துக்கும் அதுதானாமே."

அவர் சிரிப்பை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார்.

"சீட்டு இல்ல. குடுப்பீங்களா?"

பின்னால் நின்ற அம்மாள் குறுக்கே வந்து, இவரிடம் அந்தக் கதையெல்லாம் நடக்காது, சீட்டு இல்லாமல் சாமானியத்தில் தரமாட்டார் என்று உதவியாகச் சொன்னார்.

"எனக்குத் தருவார். ஜூஸ்ல கலக்கியே தருவார்," என்றாள் தந்தி அந்த அம்மாளிடம்.

மருந்தாளர் கல்லாவைப் பூட்டினார். சாப்பாட்டு நேரம், கடையை அடைக்கிறேன், கொஞ்சம் கழித்து வாருங்கள் என்று எல்லோரையும் கும்பிட்டு அனுப்பினார். சாப்பாட்டு நேரம் இன்னும் ஆகவில்லை.

*

மாடியில் மாமியார் சாப்பாட்டு மேஜையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். நீதிமன்றத்தில் தட்டச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். வாழ்நாள் முழுக்க அடுத்தவர்கள் வாக்குமூலத்தைத் தட்டச்சு செய்த கை. இருவரும் ஏறி வந்த வேகத்தைப் பார்த்ததும் பேப்பரை மடித்தார். என்ன என்று கேட்கவில்லை. கேட்காததைத் தந்தி கவனித்துக்கொண்டாள்.

நடந்ததை அவள் சொன்னாள். நாடி, மரப்படி, சரிந்த சுவர், மாலைக்குள் போகப்போகிற கோப்பு. எதையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

மருந்தாளர் தன் பங்குக்கு விளக்கினார். பெரிய பெரிய பாடகர்கள் மேடை ஏறுமுன் அதைத்தான் போடுகிறார்களாம். ஆபத்து ஒன்றும் இல்லையாம். தேர்வு அறையில் அவள் விழுந்தபோது, வாசலில் காத்திருந்து உள்ளே வந்து தூக்கிக்கொண்டு ஓடியவர் அவர்தான். அந்த முகம் மறக்கவில்லையாம். ஒரு வாரமாக அவருக்குத்தான் தூக்கம் இல்லை, சாப்பாடு இறங்கவில்லை. இத்தனை கஷ்டப்பட்டு ஓட்டுத் தேர்வில் தேறியவள், டாக்டர் முன்னால் நடுங்கி எல்லாவற்றையும் கோட்டை விட்டுவிடக்கூடாதே என்ற ஒரே எண்ணம்தான்.

"எங்கிட்ட கேட்டிருக்கலாமே," என்றாள் தந்தி.

"கேட்டா வேண்டாம்னு சொல்லியிருப்ப."

சொன்ன பிறகு அவருக்கே அது கேட்டிருக்க வேண்டும். கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

தந்திக்கு அந்த ஒரு வாக்கியம் போதும். வேண்டாம் என்பாள் என்று தெரிந்திருக்கிறது. தெரிந்துதான் கேட்காமல் இருந்திருக்கிறார். இதற்கு அன்பு என்று பெயர் வைத்தால் அவள் காறித் துப்புவாள். இந்த வீட்டில் அவளைச் சுற்றி எத்தனை விஷயம் இப்படி நடந்திருக்கும்? அக்காவுக்கு அறுவை சிகிச்சை என்பதை முடிந்த பிறகுதான் சொன்னார்கள், பதறிவிடுவாளாம். வீட்டை மாற்றும் பேச்சை அவள் தூங்கிய பிறகு பேசினார்கள், பதறிவிடுவாளாம். அவள் பதறுகிறாளோ இல்லையோ, அவள் பெயரைச் சொல்லி எல்லோரும் தங்கள் சௌகரியத்தைப் பார்த்துக்கொண்டார்கள்.

மாத்திரையை எங்கிருந்து எடுத்தீர்கள் என்று கேட்டாள். கடையிலிருந்து இல்லை என்று அவர் அவசரமாகச் சொன்னார். சீட்டு இல்லாமல் கடைச் சரக்கில் கை வைப்பவரா அவர்? அம்மாவுடைய டப்பாவிலிருந்துதான் எடுத்தாராம். அம்மாவுக்கு ரத்த அழுத்தத்துக்கு டாக்டர் எழுதிக் கொடுத்தது அதே மாத்திரை.

இதைச் சொல்லும்போது அந்த மனுஷன் குரலில் கொஞ்சம் நியாயம்கூடத் தொனித்தது. கடைக்குத் துரோகம் செய்யவில்லையாம். தந்திக்குச் சிரிப்பு வந்துவிடும்போல இருந்தது. சிரித்தால் அதையும் படபடப்பில் சேர்த்துவிடுவார்கள் என்று அடக்கிக்கொண்டாள்.

"அத்தை, உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

மாமியார் சுற்றி வளைக்காமல் ஒத்துக்கொண்டார். காலையில் தண்ணீர் குடிக்க எழுந்தபோது மகன் கரண்டியின் பின்பக்கத்தால் எதையோ பொடி பண்ணுவதைப் பார்த்தாராம். கேட்டாராம். சொன்னானாம். படித்தவன், மருந்து தெரிந்தவன், யோசிக்காமலா செய்வான் என்று விட்டுவிட்டாராம்.

"நான் உங்க கண்ணு முன்னாடி உக்காந்து அதக் குடிச்சேன். நீங்க பேப்பர் படிச்சுக்கிட்டு இருந்தீங்க," என்றாள் தந்தி.

மாமியார் மடித்த பேப்பரை இன்னொரு மடிப்பு மடித்தார்.

தந்தி கணவரைப் பார்த்து, கிளம்புங்கள், இரண்டு பேருமாகப் போகலாம், டாக்டரம்மாவிடம் நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள் என்றாள்.

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். முகம் வெளுத்திருந்தது. மேஜைமேல் வைத்த கை நடுங்கியது. அவ்வளவு காலமாகத் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்ததில் இந்தக் கையைப் பார்க்கத் தவறிவிட்டோமே என்று தந்தி நினைத்தாள்.

"வேற யாராவது குடுத்திருந்தா தெரியாமப் பண்ணிட்டாங்கன்னு விட்டுடுவாங்க. நான் மருந்தாளர். தெரிஞ்சே ஒருத்தருக்கு மருந்த மறைச்சுக் குடுத்தேன்னு அந்த டாக்டர் மேலிடத்துக்கு எழுதினா, என் பதிவையே ரத்து பண்ணிடுவாங்க. அப்புறம் நான் எந்தக் கடையில நிக்கிறது?"

"நீங்க நிக்கிறதுக்காக நான் உக்காரணுமா?"

அவர் சொன்னதில் உண்மை இருந்தது. அது தந்திக்கும் தெரியும். இன்றைக்கு இந்த வீட்டில் ஒருவருடைய வேலைதான் பிழைக்கும் என்பது மேஜைக்கு முன்னால் இருந்த மூன்று பேருக்கும் புரிந்துவிட்டது.

அப்போதுதான் மாமியார் பேசினார். அவசரமே இல்லாத குரல்.

"நான் சொல்லிடறேன். எனக்கு வெச்சிருந்த மாத்திரைய வழக்கமா ஜூஸ்ல கரைச்சுத்தான் குடிப்பேன். டம்ளர் மாறிப்போச்சு. மருமக தெரியாம எடுத்துக் குடிச்சுட்டா. இதுக்கு மேல ஒரு வார்த்தை வேண்டாம். வயசான பொம்பள, யாரும் கேள்வி கேக்கமாட்டாங்க."

பொய்யைக்கூடப் பிழையில்லாமல், அடித்தல் திருத்தல் இல்லாமல் சொன்னார். கேட்டவர்கள் சந்தேகப்பட ஒரு எழுத்து கிடையாது. அவள் வேலையும் பிழைக்கும், அவர் வேலையும் பிழைக்கும்.

தந்தி கணவரைத்தான் பார்த்தாள். அவர் முகத்தில் ரத்தம் திரும்பி வந்தது. ஒரு பெருமூச்சு விட்டார். கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். அப்பாடா என்று வாயால் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

அந்த முகத்தைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை. மாத்திரையைக்கூட ஒரு நாள் மன்னித்துத் தொலைத்திருப்பாள். அம்மாவை முன்னால் தள்ளிவிட்டு, அந்த நிழலில் போய் உட்கார்ந்துகொண்டு வந்த நிம்மதியை எப்படி மன்னிப்பது?

"வேண்டாம் அத்தை," என்றாள். பிறகு கணவரிடம், "நான் அங்க போய் அதே பெஞ்சில உக்காந்திருப்பேன். நீங்க வரணும். உங்களுக்குப் பதிலா யாரும் வரக்கூடாது," என்றாள்.

மாமியார் அவளைச் சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னார். இந்த வீட்டில் இனி மற்றவர்கள் எடுத்துக் கொடுப்பதைச் சாப்பிடுவதாக இல்லை என்று சொல்லிவிட்டு, தந்தி படியிறங்கிப் போனாள்.

*

மத்தியானம் போய்ச் சாயங்காலம் நெருங்கியது. பெஞ்சில் இருந்த டிரைவர்கள் ஒவ்வொருவராகச் சான்று வாங்கிக்கொண்டு போனார்கள். ஒருவர் போகும்போது, உங்களுக்கு என்ன பிரச்சினை என்று அக்கறையாகக் கேட்டார். வீட்டுக்காரர் வர வேண்டும் என்றாள். கையெழுத்துக்கா என்றார். ஆமாம் என்று சொல்லி வைத்தாள்.

வாசலில் செருப்புச் சத்தம் கேட்கும்போதெல்லாம் திரும்பிப் பார்த்தாள். அவர் வரவில்லை. வருவார் என்று ஒரு மனம் சொன்னது. கல்யாணமான புதிதில் அவளுக்குக் காய்ச்சல் வந்தபோது மூன்று இரவு தூங்காமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர். கெட்ட மனுஷன் என்று ஒரே அடியாய்ச் சொல்லிவிடவும் முடியாது. கெட்டவராக இருந்திருந்தால் எவ்வளவு சுலபமாக இருந்திருக்கும் என்று நினைத்தாள். திட்டிவிட்டுப் பெட்டியைக் கட்டியிருக்கலாம்.

டாக்டரம்மா அவளை உள்ளே கூப்பிட்டார். மேஜையில் அவள் கோப்பு திறந்திருந்தது. டாக்டரம்மாவின் குரல் காலையில் இருந்ததைவிட இறங்கி இருந்தது.

உங்கள் மாமியார் போன் செய்தார் என்றார். டம்ளர் மாறிப்போனதைச் சொன்னாராம். ரொம்ப வருத்தப்பட்டாராம். காலையில் தானும் கொஞ்சம் கடுமையாகப் பேசிவிட்டதாகச் சொன்னார். முதியவர்கள் இருக்கிற வீட்டில் இப்படி நடப்பதுதான், மருந்தை இனித் தனியாக வையுங்கள் என்றார். வேறு ஒரு நாள் வந்து பரிசோதித்துக்கொள்ளலாம், வேலைக்கு ஒரு குறையும் வராது. பேனாவின் மூடியைக் கழற்றினார்.

"இதுதானே நடந்தது? நீங்க ஆமான்னு சொல்லிட்டா எழுதிடுவேன்."

ஒரு வார்த்தை. அதைச் சொன்னால் நாளையோ மறுநாளோ சீருடை வாங்கிவிடலாம். பெரிய ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு ரோட்டைச் சொல்லிச் சொல்லி ஓட்டலாம். அவர் கடையில் நிற்பார். அத்தை பேப்பர் படிப்பார். யாருக்கும் ஒரு நஷ்டமும் கிடையாது.

ஆனால் அப்படிச் சொல்லிவிட்டால், இன்று காலை அவர் செய்தது நடக்கவே இல்லை என்று ஆகிவிடும். ஏட்டில் இருக்காது, வீட்டுப் பேச்சிலும் இருக்காது. அடுத்த முறை அவளைக் கேட்காமல் எதையாவது கலக்குவதற்கு முன் அவர் கை ஒரு நொடிகூட நிற்காது. அவள் ஒவ்வொரு டம்ளரையும் முகர்ந்து பார்த்தே காலத்தை ஓட்ட வேண்டும். வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தாள். அதற்குப் பிறகும் போன் செய்திருக்கிறார்கள். அவள் சொன்ன வேண்டாமுக்கு அந்த வீட்டில் மதிப்பு அவ்வளவுதான்.

"இல்ல டாக்டர்," என்றாள் தந்தி. "அவங்க குடுக்கல. குடுத்தவர் யாருன்னு அவரே உங்ககிட்ட சொல்லட்டும்."

டாக்டரம்மா பேனாவைப் பிடித்தபடி அவளையே பார்த்தார். தந்தி தன் போனை எடுத்தாள். கணவருக்குக் கடைசியாக ஒரு வாய்ப்பு கொடுப்போம் என்றுதான் நினைத்தாள். டாக்டரம்மா பேசட்டும், கேட்கட்டும், ஒரு நல்ல மனுஷி கேட்டால் மறைக்கமாட்டார் என்று நினைத்தாள். ஸ்பீக்கரைப் போட்டுப் போனை மேஜையின் நடுவில், கோப்பின் பக்கத்தில் வைத்தாள்.

மணி அடித்தது. அவர் எடுத்துவிட்டார். அவள் வாயைத் திறப்பதற்குள் அவரே பேசினார். மூச்சு வாங்கிக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, கடையில் நிற்பவர்கள் காதில் விழாதபடி.

"என்ன, முடிஞ்சுதா? அம்மா சொன்னதுக்கு ஆமான்னு சொல்லிட்ட இல்ல? நான் எடுத்தது அம்மா டப்பாவில இருந்துதான், கடையில இருந்து இல்ல. ஆனா எடுத்தது நான்தாங்கறத மட்டும் எங்கயும் பேச்சோட பேச்சா உளறிடாத. வேற ஒண்ணும் கேக்கமாட்டாங்க."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார்.

"ஹலோ? தந்தி? லைன்ல இருக்கியா?"

தந்தி போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஜெயித்த மாதிரி இல்லை. அவரைக் காப்பாற்ற இப்போதும் ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். அழுத்தவில்லை.

"இருக்கேன்," என்றாள். "டாக்டரம்மாவும் இருக்காங்க. ஆரம்பத்துல இருந்து சொல்லுங்க."

அந்தப் பக்கம் யாரோ இருமல் மருந்து கேட்டார்கள். இரண்டாவது முறையும் கேட்டார்கள்.

டாக்டரம்மா போனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"சொல்லுங்க சார். நீங்க எந்தக் கடையில இருந்து பேசுறீங்க?"